ஜோடியாகப் போன இடத்தில் உடம்பு படுத்தினால்

டவுனை விட்டுத் தள்ளி எங்கேயோ ஜோடியாகப் போய்த் தங்கிய இடத்திலிருந்து "டாக்டர், வாந்தி நிற்கவே மாட்டேங்குது" என்று போன் வந்தால், என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. ஒருத்தருக்கா, இரண்டு பேருக்குமா என்றுதான் கேட்பேன். ஒன்றாகச் சாப்பிட்டு, 30 நிமிடத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள் இரண்டு பேரும் திடீரென்று வாந்தி எடுத்தால், உணவில் ஏற்கெனவே சேர்ந்திருந்த, ஸ்டாஃபிலோகாக்கஸ் என்கிற பாக்டீரியாவின் நஞ்சாக இருக்க வாய்ப்பு அதிகம். படுத்தி எடுக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும். இன்றைக்கு ஒருத்தருக்கு, நாளைக்கோ மறுநாளோ மற்றவருக்கு என்றால் நோரோவைரஸ் போல ஒட்டிக்கொள்கிற சமாசாரம். அதற்கு சானிடைசர் சரியாகக் கேட்காது, சோப்பும் தண்ணீரும்தான்.

நான் உண்மையிலேயே பயப்படுவது வேறொன்றுக்கு. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் தலைவலி, குமட்டல், தலைசுற்றல். காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, வெளியே வந்து நின்றால் கொஞ்சம் தேவலை, உள்ளே போனால் மறுபடியும். குளிருக்காகக் கூடாரத்துக்குள்ளேயோ ஜன்னலை அடைத்த அறையிலோ கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர் என்று ஏதாவது எரிந்துகொண்டிருக்கிறதா பாருங்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ராத்திரி சாப்பாடு சேரவில்லை என்று நினைத்து அங்கேயே படுத்தால் எழுந்திருக்காமலே போகலாம். உடனே இரண்டு பேரும் வெளியே வந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள்; வெளிக்காற்று மட்டும் போதாது, ஆக்சிஜன் தேவைப்படும்.

சரி, ஒருத்தர் மட்டும் படுத்துவிட்டார். இப்போது பக்கத்தில் இருப்பவர்தான் நர்ஸ், டிரைவர், முடிவெடுப்பவர் எல்லாமே. ஓஆர்எஸ் பொட்டலம் இருந்தால் அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரையுங்கள். இல்லையென்றால், கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூனால் 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவில் கை தாராளமாகப் போகக்கூடாது. குடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தேதான் உள்ளே போகின்றன, பின்னாலேயே தண்ணீரும் போகிறது, சர்க்கரை கூடிவிட்டால் குடல் தண்ணீரை வெளியே இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும் (இனிப்பான குளிர்பானம் இதற்கு மாற்று ஆகாததும் அதனால்தான்). வாந்தி எடுத்தபின் 10 நிமிடம் விட்டு, ஒவ்வொரு ஸ்பூனாக, சில நிமிடத்துக்கு ஒருதரம் கொடுங்கள். அன்பு மிகுதியில் ஒரு டம்ளரை நீட்டி "முழுசாக் குடி" என்று அதட்டினால் அது வந்த வழியே திரும்பும்.

பேதியை நிறுத்துகிற லோபெரமைட் மாத்திரையைப் பையில் வைத்திருப்பார்கள். மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் அதைத் தொடவே கூடாது.

தம்பதிகளிடம் நான் அடிக்கடி பார்க்கிற கோளாறு மருந்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது. படுத்திருப்பவர் பயணம் கெட்டுவிடுமே என்று "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார், மற்றவர் அதை நம்ப ஆசைப்பட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பார். ஆஸ்பத்திரி தூரமாக இருக்கிற இடத்தில் இந்த இரண்டு வரியில் ஒரு முழு ராத்திரி போய்விடும். அவர் வார்த்தையைக் கேட்காதீர்கள், சிறுநீரைக் கேளுங்கள். 8 மணி நேரமாகப் போகவே இல்லை, பேச்சு குழறுகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, குடிப்பது எதுவுமே தங்கவில்லை, மலத்தில் ரத்தம், வலி தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றில் வந்து நிற்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான், அதுவும் வெளிச்சம் இருக்கும்போதே.

அப்புறம், துணையின் மாத்திரைகள். பெயர் தெரியாது, "வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்பார்கள். அட்டையைப் போட்டோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் சேர்த்து. சர்க்கரைக்காக மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்லோசின் போன்றவை சாப்பிடுபவருக்கு வாந்தி பேதியில் உடம்பு வற்றினால் அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வோம். ஆனால் சாப்பிடவில்லையே என்று இன்சுலினை முழுக்க விட்டுவிடக்கூடாது, அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும். கிளம்புவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது, அங்கே சிக்னல் கிடைக்குமோ கிடைக்காதோ.

பெண்கள் விஷயத்தில் இரண்டு சொல்லவேண்டும், கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவார்கள். கருத்தடை மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது உடம்பில் சேர்ந்ததாகக் கணக்கில்லை. இன்னொன்று, நாள் தள்ளிப்போயிருக்கிறது, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, மயக்கம் வருகிறது என்றால் கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அது வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். அங்கே ஓஆர்எஸுக்கும் வேலையில்லை, ஓய்வுக்கும் வேலையில்லை, நடுராத்திரி ஆனாலும் அறுவைச் சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்.