பிரஷர் விழும்வரை காத்திருக்காதீர்கள்

வார்டில் ஒவ்வொரு நோயாளியின் பதிவேடான பெட் ஹெட் டிக்கெட்டுகளைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். ஒரு கட்டிலில் நியூமோனியா, அடுத்ததில் இதய வருத்தம், அதற்கடுத்ததில் நேற்றுத்தான் சத்திரசிகிச்சை முடிந்தவர். மூன்று பேருக்கும் மூச்சு வீதம் 18. பின்னேரம் பார்த்தால் மூன்று பேருக்கும் 20. பிரஷரை மெஷின் அளந்துவிடும், நாடியையும் ஒட்சிசனையும் விரலில் மாட்டும் கிளிப் சொல்லிவிடும். மூச்சை மட்டும் யாராவது நின்று எண்ண வேண்டும். அதனால்தான் அதை ஒருவரும் எண்ணுவதில்லை.

மருத்துவ பீட மாணவரோ தாதிய மாணவரோ, வார்டுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது “மூச்சை எண்ணினீர்களா?” என்றுதான். குருதி இழந்தாலும், தொற்று உடலெங்கும் பரவினாலும், சீனி வருத்தக்காரருக்கு குருதியில் கீட்டோன் என்னும் அமிலம் ஏறினாலும், பெரும்பாலும் பிரஷர் விழுவதற்கு வெகு முன்பே மூச்சு கூடிவிடும். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். லண்டன் ரோயல் கொலேஜ் ஒஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ் ஸ்கோரில், மூச்சு 25-ஐத் தொட்டால் 3 புள்ளி. மேல் பிரஷர் 90-க்கு இறங்கினாலும் அதே 3 புள்ளிதான். ஒன்றுக்கு வார்டே ஓடுகிறது, மற்றதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

எண்ணுவதற்கும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். “அம்மா, மூச்சை எண்ணப் போறேன்” என்று சொன்னால் அந்த நொடியே அவர் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை அவர் நெஞ்சின் மேல் வையுங்கள். கண் கடிகாரத்தில் இருக்கட்டும், கை ஏறி இறங்குவதை விரல்கள் எண்ணும். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறியதற்கு நான்கு கணக்குப் பிசகும். எண்ணும்போதே ஆழத்தையும் பாருங்கள். ஒட்சிசன் 98 இருக்கிறது, நெஞ்சில் சத்தம் ஒன்றுமில்லை, ஆனால் ஆழமாக 30 தடவை மூச்சு வாங்குகிறார் என்றால், “பயத்தில வாங்குறா” என்று முடிவுகட்டுமுன் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள், கீட்டோனையும் பாருங்கள்.

சரி, பிரஷர் ஏன் இவ்வளவு பிந்திச் சொல்கிறது? 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி. அதில் கிட்டத்தட்ட ஒன்றரை லீற்றர் போகும்வரைகூட மேல் எண் சாதாரணமாகவே நிற்கலாம். இதயம் வேகமாக அடிக்கும், தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் குருதிக் குழாய்கள் இறுகும். அந்த இறுக்கம் கீழ் எண்ணை மேலே தள்ளும். 120/80 என்பது 110/90 ஆகும். தனித்தனியே பார்த்தால் இரண்டு எண்ணிலும் பயப்பட ஒன்றுமில்லை. இடையிலுள்ள வித்தியாசம் 40-இலிருந்து 20-க்கு வந்துவிட்டது என்பதுதான் சேதி.

கொழும்பில் படிப்பவர்களுக்கு இது டெங்கு வார்டில் கண்முன்னே நடக்கும். 2017-இல் நாடு முழுவதும் 1,80,000-க்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவான வருடம் நினைவிருக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அக்கா வருகிறார் என்று வையுங்கள். நான்கு நாள் காய்ச்சல், இன்று காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. “காய்ச்சல் விட்டிட்டுது டொக்டர், வீட்டை விடுங்கோ, பிள்ளைகள் தனிய” என்கிறார். எழுந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசுகிறார். பிரஷர் 100/80. டிக்கெட்டில் “நோர்மல்” என்று எழுதக் கை துடிக்கும். பாதத்தைத் தொட்டால் குளிர். விரல் நுனியை 5 விநாடி அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 3, 4 விநாடி எடுக்கிறது. இரண்டைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். வயிறு நோகிறதாம், காலையிலிருந்து சிறுநீர் போகவில்லையாம். இது நோர்மல் இல்லை, ஷொக், அதாவது உறுப்புகளுக்குக் குருதி போதாத நிலை. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கும். அந்த ஆபத்தான கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேல் எண் 90-க்கு இறங்கட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. அளவில்லாமல் சேலைன் ஏற்றினாலும் ஆபத்து, கசிந்த திரவம் நெஞ்சில் சேரும். அதையும் முதலில் காட்டுவது பெரும்பாலும் மூச்சு வீதம்தான். டெங்குவில் குருதிப்பெருக்கைக் கூட்டக்கூடிய டைக்குளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி மருந்து ஏதாவது வீட்டில் போட்டாரா என்றும் கேளுங்கள். “உடம்பு நோவுக்கு ஒரு குளிசை” என்பதற்குள் அது ஒளிந்திருக்கும்.

சிலரிடம் நாடியும் ஏமாற்றும். இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனலோல், பிசோப்ரோலோல் குளிசை போடுபவரின் இதயம் வேகமெடுக்காது. பிரஷரின் மேல் எண் வழமையாக 160 இருப்பவருக்கு 115 என்பது விழுந்த பிரஷர்தான். கர்ப்பிணியும் இளவயதினரும் கடைசிவரை தாங்கி நின்று திடீரெனச் சரிவார்கள்.

1990 எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் வருபவர்களை இறக்கியதும் டிரொலியை வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள். வழியில் அளந்த எண்கள் அந்த ஊழியரிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். வீட்டில் 20, வழியில் 24, இப்போது 28 என்று ஏறிவரும் மூச்சு, தனியாகக் கிடைக்கும் 28-ஐ விடப் பெரிய செய்தி.

அப்புறம் மேலே இருப்பவருக்குப் போன் எடுக்கும் விஷயம். இரவு இரண்டு மணிக்கு “சேர், ஆள் அவ்வளவு சரியில்லை” என்றால், “கொஞ்சம் பாருங்கோ” என்ற பதில்தான் வரும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. “டெங்கு, ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டு எட்டு மணித்தியாலம். மூச்சு 28, நாடி 118, பிரஷர் 100/80, கால் குளிர், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லை. நீங்கள் வந்து பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். மூச்சு 28 என்றதும் “எண்ணினாயா?” என்று கேட்கிற சேர்மாரும் இருக்கிறார்கள்.