பார்க்கில் சிக்கிய கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது எப்படி?

பேட்டரி செத்துப்போன பழைய ஆட்டோமேட்டிக் காரை நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராது. கியர் லீவர் பார்க்கிலேயே, அதாவது காரை நிறுத்திவைக்கும் 'P' நிலையிலேயே, நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் வராது. கியர்பாக்ஸே போய்விட்டது என்று பலரும் பதறுகிறார்கள். பெரும்பாலும் அது பழுதே இல்லை. ஒரு பூட்டு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

பார்க்கில் போட்டதும் கியர்பாக்ஸுக்குள் ஓர் இரும்பு நாக்கு, சக்கரங்களோடு இணைந்த பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. நாக்கு விலக லீவர் நகர வேண்டும். லீவருக்கோ தனியாக ஒரு பூட்டு. பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கின் சுவிட்ச் வழியே சைகை போகும். சோலினாய்டு என்ற மின்காந்தம் 'டக்' என்று ஒரு முள்ளை இழுத்து வழிவிடும். மின்சாரம் இல்லையென்றால் முள் அசையாது. பேட்டரி நன்றாக இருந்தும் லீவர் சிக்கினால், பின்னால் ஒருவரை நிற்கவைத்துப் பிரேக்கை மிதியுங்கள். விளக்கு எரியவில்லையா? சுவிட்சையோ ஃபியூஸையோ முதலில் சந்தேகிக்கலாம்.

இந்தப் பூட்டு வந்ததற்குக் காரணம் உண்டு. 1980களில் அமெரிக்காவில் ஆடி (Audi) நிறுவனத்தின் '5000' என்ற மாடல் கார்கள் தாமாகப் பாய்கின்றன என்று புகார்கள் குவிந்தன. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்று 1989இல் அரசு ஆய்வு சொன்னது. காலைப் பிரேக்கில் வைக்காமல் பார்க்கிலிருந்து எடுக்கவே முடியாதபடி செய்வதுதான் தீர்வாக அமைந்தது. 2010 செப்டம்பரிலிருந்து அங்கே இது சட்டப்படி கட்டாயம்.

மின்சாரம் இல்லாதபோது கையால் திறக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். முதலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை விடுவியுங்கள். பல கார்களில் லீவருக்கு அருகே விரல்நுனி அளவில் ஒரு மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்து, உள்ளே ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியபடியே, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். சரிவில் நிற்கும் காரின் எடை முழுவதும் அந்த நாக்கின்மேல் இருப்பதால் லீவர் அப்போதும் முரண்டு பிடிக்கலாம். மேட்டுப் பக்கமாகக் காரைச் சற்றே தள்ளிக்கொடுத்தால் இளகும்.

எஞ்சின் ஓடாதபோது பிரேக் பெடல் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாக இறுகும். பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முயல வேண்டாம். கியர்பாக்ஸின் எண்ணெய் பம்ப்பைச் சுழற்றுவது எஞ்சின்தான். அழுத்தம் இல்லாமல் உள்ளேயுள்ள கிளட்சுகள் பிடிக்காது. நியூட்ரலில் வெகுதூரம் கட்டி இழுத்தாலும் அதே காரணத்தால் எண்ணெய் ஓடாமல் உள்பாகங்கள் தேயும். எஞ்சின் ஓட்டும் சக்கரங்களைத் தூக்கிவைத்தோ, முழுக் காரையும் வண்டியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.