இசைப் பெட்டகம்: ‘மியூசிக் லாக்கர்’ என்ற சொல்லின் பொருளும் தமிழும்

அப்பா விட்டுச்சென்றவற்றில் ஒரு தகரப் பெட்டியும் உண்டு. அதற்குள் 72 ஒலிநாடாக்கள். ஊர்க் கோயில் புறப்பாட்டில் விடிய விடிய வாசித்த நாகசுரம், ஒரு கல்யாண வீட்டுக் கச்சேரி, வானொலியிலிருந்து பிடித்துவைத்த பாடல்கள் என்று ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்தில் தேதி இருக்கும். அவற்றைக் கணினியில் ஏற்றி முடிக்க எனக்கு இரண்டு கோடை விடுமுறைகள் பிடித்தன. முடித்ததும் அடுத்த கவலை வந்தது. ஒரு வன்வட்டை நம்பி இவற்றை விட்டுவிடலாமா? வீட்டுக் கணினியில் இருப்பதை பஸ்ஸில் போகும்போது எப்படிக் கேட்பது?

இந்தக் கவலைக்கு விடையாக வந்த இணையச் சேவைக்கு ஆங்கிலத்தில் ‘மியூசிக் லாக்கர்’ என்று பெயர். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பாடல் கோப்புகளை நாமே ஒரு நிறுவனத்தின் வழங்கியில் (சர்வரில்) பதிவேற்றுகிறோம். பிறகு கைபேசியிலோ அலுவலகக் கணினியிலோ நம் கடவுச்சொல்லைக் கொடுத்து அங்கிருந்தபடியே கேட்கிறோம். மாதச் சந்தா கட்டி நிறுவனத்தின் பட்டியலிலிருந்து பாட்டுக் கேட்பது வேறு, இது வேறு. அங்கே பாடல் நிறுவனம் கொடுப்பது. இங்கே பாடல் நம்முடையது. இடம் மட்டுமே அவர்களுடையது. இரண்டையும் ‘ஆன்லைன் மியூசிக்’ என்ற ஒரே கூடையில் போடுவதால்தான் தமிழில் இதற்கு நல்ல சொல் இன்னும் நிலைபெறவில்லை என்று நினைக்கிறேன்.

லாக்கர் என்ற சொல் ‘லாக்’, அதாவது பூட்டு என்பதிலிருந்து வந்தது. பூட்டி வைக்கக்கூடிய சிறு அறை அல்லது பெட்டி என்பது அதன் நேர்ப்பொருள். பள்ளியில் மாணவர் பை வைக்கும் அறையும், விளையாட்டு வீரர் உடை மாற்றும் இடத்தில் இருக்கும் அலமாரியும் ஆங்கிலத்தில் லாக்கர்தான். தமிழகத்தில் அந்தச் சொல் வங்கியின் வழியாக வந்து நிலைத்தது. ‘நகையை லாக்கரில் வைத்திருக்கிறோம்’ என்று சொல்லாத நடுத்தரக் குடும்பம் குறைவு. செய்தித்தாள்கள் அதையே பாதுகாப்புப் பெட்டகம் என்று எழுதுகின்றன.

அந்த வங்கி லாக்கரில் ஒரு நுட்பம் இருக்கிறது. வங்கியில் பணம் போட்டால் அந்த ரூபாய்த் தாள்கள் நம்முடையவை அல்ல. வங்கி அவற்றை வேறொருவருக்குக் கடனாகக் கொடுக்கும். நாம் கேட்கும்போது அதே மதிப்புள்ள வேறு தாள்களைத் தரும். அதற்கு வைப்பு என்று பெயர். லாக்கரில் வைத்த அட்டிகை அப்படியல்ல. அதே எடையில் வேறொருவரின் அட்டிகையைக் கொடுத்து, ‘இதுவும் தங்கம்தானே’ என்று வங்கி சொல்ல முடியாது. வைத்த பொருளே திரும்ப வரவேண்டும். வைப்புக்கும் பெட்டகத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டின் மேல்தான் மியூசிக் லாக்கரின் வரலாறு முழுவதும் நடந்தது.

2000 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியாகோவைச் சேர்ந்த எம்பி3.காம் நிறுவனம் ‘மை.எம்பி3.காம்’ என்ற சேவையைத் தொடங்கியது. அதன் தலைவர் மைக்கேல் ராபர்ட்சன். அப்போது பெரும்பாலான வீடுகளில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு குறுந்தகட்டை முழுதாகப் பதிவேற்ற மணிக்கணக்கில் ஆகும். எனவே நிறுவனம் ஒரு குறுக்குவழி கண்டது. பல்லாயிரம் குறுந்தகடுகளைத் தானே வாங்கித் தன் வழங்கியில் படியெடுத்து வைத்துக்கொண்டது. வாடிக்கையாளர் தன்னிடம் இருக்கும் தகட்டைக் கணினியில் சில விநாடிகள் செருகிக் காட்டினால் போதும். அந்தப் பாடல்கள் அவர் கணக்கில் திறந்துவிடும்.

கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் நடந்தது வைப்பு, பெட்டகம் அல்ல. வாடிக்கையாளர் கேட்டது தன் தகட்டின் படியை அல்ல, நிறுவனம் எடுத்துவைத்த படியை. இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. அதே ஆண்டில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஜெட் ராகாஃப், அனுமதியின்றிப் படியெடுத்தது பதிப்புரிமை மீறலே என்று தீர்ப்பளித்தார். யூனிவர்சல் நிறுவனத்துக்கு மட்டும் 5 கோடியே 34 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதற்குப் பிறகு இத்துறையில் இறங்கியவர்கள் வாடிக்கையாளரையே பதிவேற்றச் சொன்னார்கள். ராபர்ட்சனே 2005இல் தொடங்கிய எம்பி3டியூன்ஸ் அப்படி இயங்கியது. 2008இல் கேபிள்விஷன் என்ற கேபிள் நிறுவனத்தின் வழக்கில், தொலைக்காட்சி நிகழ்ச்சியின் படி சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிறுவனத்தின் வழங்கியில் பதிவாகுமானால் அந்தப் படியை எடுப்பவர் சந்தாதாரரே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. லாக்கர் என்ற சொல்லுக்கு அது பலம் சேர்த்தது. எம்பி3டியூன்ஸ் மீதான வழக்கிலும் 2011இல் வந்த தீர்ப்பு, பெட்டகம் என்ற ஏற்பாட்டைப் பொதுவாகக் காப்பாற்றியது. ஆனால் உரிமையாளர்கள் ‘இது திருட்டுப் படி’ என்று அறிவித்த இணைய இணைப்புகளிலிருந்து பயனர்கள் எடுத்துச் சேர்த்த பாடல்களை அவர்களின் பெட்டகங்களிலிருந்து நீக்காமல் விட்டது அந்த நிறுவனத்தின் தவறு என்றும் சொன்னது.

2011ஆம் ஆண்டைத்தான் இந்தச் சொல்லின் பொற்காலம் என்று சொல்ல வேண்டும். மார்ச் 29 அன்று அமேசான் தன் கிளவுட் பிளேயரை வெளியிட்டது. 5 கிகாபைட் இடம் இலவசம். இசை நிறுவனங்களிடம் தனி உரிமம் வாங்காமலே தொடங்கியது. சொந்தக் கோப்பை வன்வட்டில் வைப்பது போன்றதுதானே, அதற்கு ஏன் உரிமம் என்பது அதன் வாதம். மே 10 அன்று கூகுள் மியூசிக் சோதனைப் பதிப்பு வந்தது. ஒருவருக்கு 20,000 பாடல்கள்வரை இலவசம். இரண்டும் அப்போது அமெரிக்காவுக்கு மட்டும்தான்.

20,000 பாடல் என்பது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஐந்து நிமிடப் பாடல் ஏறக்குறைய 5 மெகாபைட் வரும். ஆக மொத்தம் 100 கிகாபைட். பதிவேற்ற வேகம் விநாடிக்கு ஒரு மெகாபிட் என்றால் இரவு பகல் நிறுத்தாமல் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். எம்பி3.காம் ஏன் குறுக்குவழி தேடியது என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிள் ஐடியூன்ஸ் மேட்சைக் கொண்டுவந்தது. அப்போது ஆண்டுக்கு 24.99 டாலர், 25,000 பாடல்கள். இது உரிமம் வாங்கிய வைப்பு. நம் கணினியில் இருக்கும் பாடல் ஆப்பிளின் பட்டியலில் இருந்தால் அதைப் பதிவேற்றவே வேண்டாம். ஆப்பிளின் 256 கிலோபிட் படியைக் கேட்டுக்கொள்ளலாம். பட்டியலில் இல்லாதவை மட்டும் பதிவேறும். ‘மேட்ச்’ என்பதைப் பொருத்தம் என்று எழுதுகிறார்கள். எனக்கு ஈடு என்ற சொல் இன்னும் நெருக்கமாகப் படுகிறது. ஒன்றுக்கு மாற்றாக அதே மதிப்புள்ள இன்னொன்றைத் தருவது ஈடு. எங்கள் கோயில் நாகசுரத்துக்கு எந்தப் பட்டியலிலும் ஈடு கிடையாது. சபாக் கச்சேரிகளை நாடாவில் பிடித்துவைத்த எத்தனையோ தமிழ் வீடுகளின் நிலையும் இதுதான். நமக்கு வேண்டியது பெட்டகமே.

இனித் தமிழ்ச் சொல். களஞ்சியம் அழகான சொல், ஆனால் பொதுவானது. நெல்லைக் குவித்த இடம். அதில் எந்த மணி யார் வயலில் விளைந்தது என்று தெரியாது. கலைக்களஞ்சியம் என்று சொல்லிச் சொல்லி அது எல்லோருக்கும் திறந்த தொகுப்பு என்ற பொருளில் நிலைத்துவிட்டது. இசை வங்கி என்றால் வைப்பின் பொருள் ஏறிவிடும். மேகம், முகில் இரண்டும் ‘கிளவுட்’, அதாவது இணையவழியில் எட்டும் தொலைதூரச் சேமிப்பிடம், என்பதைக் குறிக்க ஏற்றவை. ஆனால் எங்கே இருக்கிறது என்பதைத்தான் அவை சொல்கின்றன, யாருடையது என்பதை அல்ல. பேழை என்பதற்கு ஆசைப்பட்டேன். ஆனால் ஒலிப்பேழை என்று ஒலிநாடாவை அழைத்த வழக்கு இருக்கிறது. போதாக்குறைக்குத் தலைவர்களின் இறுதி ஊர்வலச் செய்திகளில் சந்தனப் பேழை என்று படித்துப் பழகிய காதுக்கு அந்தச் சொல்லில் துக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெட்டகம் இந்தச் சிக்கல் எதிலும் மாட்டாது. பெட்டி என்ற அன்றாடச் சொல்லுக்கு அது பக்கத்து வீடு. பூட்டு, சாவி, சொந்தம் மூன்றும் அதில் கூடவே வருகின்றன. இசைப் பெட்டகம் என்ற தொடரை அரிய பாடல்களின் தொகுப்பு என்ற பொருளிலும் எழுதுகிறார்கள். அதற்குக் கருவூலம் இருக்கிறதே. இசைப் பெட்டகத்தை மியூசிக் லாக்கருக்கென்றே ஒதுக்கிவிடலாம் என்பது என் பரிந்துரை.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது. பெட்டகத்தில் வைத்ததை இறக்கிக்கொள்ளாமல் அப்படியே கேட்பதை ‘ஸ்ட்ரீமிங்’ என்கிறோம். ஸ்ட்ரீம் என்றால் ஓடை. நிற்காமல் ஓடும் காந்த நாடாக் கருவியை முன்பு ‘ஸ்ட்ரீமர்’ என்றார்கள். 1995இல் ரியல்ஆடியோ வந்தபின் இணைய ஒலிக்கு அந்தச் சொல் பரவியது. கோப்பு முழுவதும் வந்து சேரக் காத்திருக்காமல், வந்த துண்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த துண்டு வந்துகொண்டிருக்கும். சற்று முன்னதாகவே கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொள்வதால் இடையில் அறுபடுவதில்லை.

நேரடியாக நிகழ்வதைக் காட்டுவதற்கு நேரலை என்ற அருமையான சொல்லைத் தொலைக்காட்சிகள் நிலைநிறுத்திவிட்டன. அதை இங்கே பயன்படுத்த முடியாது; அப்பா பிடித்துவைத்த நாகசுரம் நேரலை ஆகாது. ஒழுக்கு பழைய சொல், நல்ல சொல். ஆனால் இன்று கூரைதான் ஒழுகுகிறது. தாரை என்று சிலர் எழுதுகிறார்கள். கண்ணீர் தாரை தாரையாக வழிவதிலும் அதுவே ஓட்டம். ஊதுகருவி ஒன்றுக்கும் தாரை என்று பெயர் உண்டு என்பதால் இசைக்கு இரட்டைப் பொருத்தம்.

ஆனால் தாரை வார்த்தல் என்று ஒன்று இருக்கிறது. நீர் வார்த்துக் கொடுத்தால் கொடுத்தவருக்கு அதன்மேல் உரிமை இல்லை. ‘நீரோடட்டிக் கொடுத்தேன்’ என்று சோழர் காலக் கல்வெட்டுகள் நிலக்கொடையைச் சொல்வதும் இதே முறையைத்தான். உரிமை கைமாறும் சடங்கின் சொல்லை, உரிமை கைமாறவே கூடாத ஓர் ஏற்பாட்டுக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஓடை. வினைக்கு, தபால்வழிக் கல்வி, வான்வழிப் பயணம் போல, ஓடைவழிக் கேட்டல் என்று எழுதுகிறேன். ‘இறக்கிக் கேட்டாயா, ஓடைவழி கேட்டாயா’ என்று கேட்டால் யாருக்கும் புரியும்.

2011இல் திறந்த பெட்டகங்களில் பல இன்று இல்லை. அமேசான் 2017 டிசம்பரில் புதிய பதிவேற்றத்தை நிறுத்தியது. கூகுள் பிளே மியூசிக் 2020இல் மூடப்பட்டது; பாடல்களை யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ளக் கால அவகாசம் கொடுத்தார்கள், அங்கே ஒரு லட்சம் பாடல்கள்வரை பதிவேற்றலாம். வங்கிக் கிளை மூடும்போது லாக்கரைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வருமே, அதேபோல.

சாவியை முழுதாகத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இப்போது நாவிட்ரோம், ஜெல்லிஃபின் போன்ற கட்டற்ற மென்பொருள்களை வீட்டிலேயே ஒரு சிறு கணினியில் நிறுவி, அங்கிருந்து வெளியூரிலும் கேட்கிறார்கள். இடமும் அவர்களுடையதே என்பதால் இதற்கு லாக்கர் என்ற சொல் சரியாகப் பொருந்தாது. தஞ்சை வட்டார வீடுகளில் நெல் கொட்டிவைக்கும் பெரிய மரப் பெட்டி ஒன்று இருக்கும், பத்தாயம் என்பார்கள். சொந்த வீட்டில், சொந்த விளைச்சலுக்கு. இசைப் பத்தாயம் என்று எழுதிப் பார்த்தேன். அந்த 72 நாடாக்களும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. ஒரு படி வெளிப் பெட்டகம் ஒன்றிலும் இருக்கிறது.