பீஸ் கணக்கா, குழுக் கணக்கா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சிறு முதலாளிமாருக்குச் சம்பளக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். கூடுதல் வேலைக்கான ஊக்கக் காசை, அதாவது இன்சென்டிவை, ஆளுக்கு ஆள் கொடுப்பதா, குழுவுக்குக் கொடுப்பதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒருவர் செய்த வேலையைத் தனியாக எண்ண முடியுமா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

மருதமுனையில் தறியில் இருந்து நெய்பவரின் சாரத்தை எண்ணிவிடலாம். அங்கே துண்டுக்கு இவ்வளவு என்பது பொருந்தும். அரிசி ஆலையில் அப்படி முடியாது.

சம்மாந்துறைப் பக்கம் ஓர் ஆலையில் மூட்டை கட்டுபவர்களுக்கு மட்டும் மூட்டைக் கணக்கில் இன்சென்டிவ் வைத்தார்கள். நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் காயவைத்து, குத்திய பிறகுதான் மூட்டை. கட்டுபவர்கள் அவசரப்படுத்த, நாட்கூலிக்கு நின்ற களத்து ஆட்கள் பாதி காய்ந்த நெல்லை வாரி அனுப்பினார்கள். சரியாகக் காயாத நெல் மெசினில் உடையும். மூட்டை கூடியது, கூடவே குருணலும் கூடியது. குருணலை அரிசி விலைக்கு யார் வாங்குவார்? களத்தில் நின்ற காக்கா (அண்ணன்) ஒருவரிடம் விசாரித்தால், "காசு அவங்களுக்குத்தானே சேர், எங்களுக்கென்ன?" என்றார். நியாயமான கேள்வி! பிறகு ஒவ்வொரு தடவை அவிக்கும் நெல்லிலும் உடையாமல் கிடைக்கும் முழு அரிசியைக் கணக்கிட்டு எல்லாருக்கும் பங்கு வைத்தோம். ஈர நெல்லை யாராவது வாரினால் மூட்டை கட்டுபவரே தடுக்கத் தொடங்கினார்.

காமன்ட் லைனும், அதாவது ஆடைத் தொழிற்சாலையில் வரிசையாக இருந்து தைப்பதும், இதே மாதிரித்தான். கழுத்துத் தைப்பவர் வேகமாகத் தைத்து, கை பொருத்துபவரிடம் துணி குவிந்தால் என்ன பயன்? கலிபோர்னியாவில் கொரெட் என்ற ஆடைத் தொழிற்சாலை 1990களில் தனிப் பீஸ் கூலியை விட்டுக் குழுக் கூலிக்கு மாறியது. உற்பத்தித்திறன் சராசரியாக 14% கூடியதென்று 2003இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கெட்டிக்காரர்கள்தான் முதலில் குழுவில் சேர்ந்தார்களாம்.

அதற்காக ஐம்பது பேரை ஒரே குழுவாக்கிவிடாதீர்கள். கயிறு இழுக்க ஆள் கூடக் கூட, ஒவ்வொருவரும் இழுக்கும் பலம் குறைவதைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் ரிங்கல்மான் நூறு வருடத்துக்கு முன்பே அளந்து காட்டினார். நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. லைனில் பாதிப் பேர் மச்சான், மச்சாள் உறவு. சோம்பேறியை யாரும் முதலாளியிடம் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். நன்றாக வேலை செய்பவர் பேசாமல் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். ஒருவர் வேலையை மற்றவர் கண்ணால் பார்க்கிற அளவுக்குக் குழு சிறிதாக இருக்கட்டும்.

எந்த முறையானாலும், ஆட்கள் கூடுதலாக உழைக்கிறார்கள் என்று டார்கெட்டை உயர்த்தாதீர்கள். ஒருமுறை உயர்த்தினால் அடுத்த மாதமே எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு கையை மெதுவாக்குவார்கள்.

அப்புறம், பீஸ் கூலி கொடுத்தால் ஊழியர் சேமலாப நிதி (EPF) கட்டத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஊழியரின் 8%, முதலாளியின் 12%, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) 3% எல்லாம் பீஸ் கூலிக்கும் உண்டு. ரேட் போடும்போதே இதையும் சேர்த்துப் போடுங்கள்.