ஹெட் பேசிங் கேட்டு வரும் தம்பிகளுக்கு

ஹெட் பேசிங் என்றால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி, கம்ப்ரஷனை ஏற்றுவது. போன வாரம் ஒரு தம்பி தன் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். காற்றில் குளிரும் 150 சிசி வண்டி. நாகர்கோவிலுக்குப் போகும்போது காவல்கிணறு தாண்டியதும் இழுவை விட்டிருக்கிறது. பிளக்கைக் கழற்றியதுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வெள்ளைப் பீங்கானில் ஊசிமுனை அளவுக்குப் பளபளவென்று புள்ளிகள். அலுமினியம். பிஸ்டனிலிருந்து தெறித்து வந்து ஒட்டியது. ஹெட்டைத் திறந்தால், பிஸ்டன் ஓரம் கறையான் அரித்த சட்டம் மாதிரி இருக்கிறது, முதல் ரிங்கைத் தாங்கும் மேடு உடைந்து கிடக்கிறது. இந்த வருஷத்தில் இது நாலாவது.

"ஹெட்டை ஒன்றரை மில்லி பேசிங் போட்டேன் அண்ணாச்சி. பெட்ரோல் 95 ஆக்டேன்தான் ஊத்துறேன். ஓட்டிப் பார்த்தப்போ சத்தமே இல்லையே!"

இந்த மூன்று வாக்கியத்தைத்தான் நாலு பேரும் சொன்னார்கள்.

முதலில் ஒன்றரை மில்லிமீட்டர். கம்பெனி அந்த வண்டிக்கு வைத்த கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற கணக்கு) 9.5. அதாவது 149.5 சிசி இன்ஜினில், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் சுமார் 17.6 சிசி. சிரிஞ்சில் எண்ணெய் விட்டு நான் அளந்தபோது 14.4 சிசிதான் இருந்தது. 149.5ஐ 14.4ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள், 11.4 வருகிறது. பேசிங் போட்டவரும் அளக்கவில்லை, தம்பியும் அளக்கச் சொல்லவில்லை. இவ்வளவு செய்து கிடைத்தது என்ன? ஏட்டுக் கணக்குப்படியே ஐந்து சதவீதம்கூடக் கூடவில்லை. 14 குதிரைத்திறன் வண்டிக்கு முக்கால் குதிரைத்திறன் தேறாது.

அடுத்தது 95. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி இல்லை. 91ஐ விட 95 வேகமாக எரியும், 100 இன்னும் ஓங்கி அடிக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த எண் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறது: அழுத்தமும் சூடும் ஏறும்போது, பிளக்கின் தீ வந்து சேரும் முன்னால் தானாகப் பற்றிக்கொள்ளாமல் அந்தப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதை. தாங்காவிட்டால் மூலையில் மிச்சமிருக்கும் கலவை ஒரே அடியாக வெடிக்கும். நாக்கிங் என்பது அதுதான். இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு ஆக்டேன் 95 என்பது உண்மை. ஆனால் எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை மாற்றாமல் அதை ஊற்றினால், காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் கலவை வறண்டு, இன்ஜின் சூடேறும். ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் வாங்கிவிடும்.

"யமஹா ஆர்15 வண்டியில கம்ப்ரஷன் 11.6 இருக்கே?" என்றும் கேட்கிறார்கள். இருக்கிறது. அது தண்ணீரில் குளிரும் இன்ஜின், நாலு வால்வு, பிளக் நடுவில் இருக்கிறது, தீ போக வேண்டிய தூரம் குறைவு, எரிபொருளை அளந்து விட ஈசியு என்ற கம்ப்யூட்டர் இருக்கிறது. உங்கள் வண்டியில் பிளக் ஒரு ஓரத்தில். குளிர்விக்கக் காற்று மட்டும்தான்.

மூன்றாவது, சத்தம் இல்லையே என்பது. எங்கே ஓட்டிப் பார்த்தாய் தம்பி? விடிகாலையில், தனி ஆளாக, பைபாஸில். ஹெல்மெட்டுக்குள், அந்தச் சைலன்சர் இரைச்சலில் நாக்கிங் எப்படிக் கேட்கும்? ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தலில் முகத்தில் அடிக்கும். பின்னால் ஒரு ஆள், டாப் கியர், த்ராட்டில் முழுசாகத் திறந்தும் வேகம் ஏறாது. இன்ஜின் அடி வாங்கும் இடம் அதுதான். பாளையங்கோட்டைச் சித்திரை வெயில் இன்னொன்று, மாஞ்சோலை ஏற்றம் இன்னொன்று. உங்கள் வண்டி வருஷத்தில் படும் மோசமான நாளுக்குத்தான் கம்ப்ரஷன் வைக்க வேண்டும்.

என் பட்டறையில் காற்றில் குளிரும் இரண்டு வால்வு வண்டிக்கு 10ஐத் தாண்ட மாட்டேன். நாலு வால்வு, தண்ணீர்க் குளிர்ச்சி, ஓரத்து இடைவெளி (பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருப்பது) ஒழுங்காக ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் 11 வரை யோசிப்பேன். வால்வைத் திறந்து மூடும் கேமை மாற்றினால் கணக்கும் மாறும், அதைக் கேம் கையில் வந்தபிறகு பேசலாம்.

பேசிங் போட்டே ஆக வேண்டுமென்றால் முன்னும் பின்னும் சிரிஞ்சு வைத்து அளக்கச் சொல்லுங்கள். பிளக் துளையில் கேஜ் வைத்து, அதில் வரும் பிஎஸ்ஐ அழுத்தத்தைக் காட்டி யாராவது 'கம்ப்ரஷன் சரி' என்றால் நம்பாதீர்கள், அது வேறு அளவு. ஹெட் கீழே இறங்கினால் செயின் வண்டியில் கேம் டைமிங் பின்தங்கும், வால்வும் பிஸ்டனும் நெருங்கும். இரண்டையும் பார்க்காத பட்டறையில் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். கார்பன் படிந்த பழைய இன்ஜினைச் சுரண்டாமல் எதுவும் செய்ய வேண்டாம்.

கம்ப்ரஷன் கூடிவிட்டது என்று அடியில் இரண்டு கேஸ்கட் வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஓரத்து இடைவெளி அகன்று கலவை சுழலாமல் போய், அப்போதும் நாக்கிங் வரும். ஹெட் குழியை அளந்து விரிப்பதுதான் வழி. அந்தத் தம்பிக்கும் அதைத்தான் செய்கிறேன், பிஸ்டனும் போரிங்கும் தனிச் செலவு.

ஏற்கெனவே பேசிங் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், இன்றைக்கே பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். பீங்கானில் பளபளப்புப் புள்ளி தெரிந்தால் வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.