ஏஎஸ்/400 ஐபிஎல் இழுத்துக்கொண்டே போகிறதா? அணைந்த விதத்தை முதலில் பாருங்கள்

ஐப்பசி இடிமழையில் கரண்ட் போவது குமரி மாவட்டத்தில் யாருக்கும் புதிதல்ல. திரும்பி வந்தபின் முந்திரி ஆலையிலும் ரப்பர் கமிஷன் கடையிலும் பில் போட ஆட்கள் காத்து நிற்பார்கள், ஐபிஎம்மின் அலுவலகக் கணினியான ஏஎஸ்/400 மட்டும் எழுந்திருக்காது. வழக்கமாக அரை மணியில் முடியும் ஐபிஎல், அதாவது கணினி எழுந்து தயாராகும் தொடக்க வேலை, மத்தியானம் வரை இழுக்கும். டிஸ்க் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் முன்பக்க பேனலில் ஓடும் குறியீட்டை நேரத்தோடு தாளில் எழுதுங்கள். சி1 என்று தொடங்கினால் சர்வீஸ் ப்ராசசர் வன்பொருளைச் சோதிக்கிறது. சி6 என்றால் இயங்குதளத்துக்கு அடியில் ஓடும் மென்பொருளான லைசன்ஸ்டு இன்டர்னல் கோடு ஏறுகிறது, சி9 என்றால் இயங்குதளத்தின் முறை. ஒரே குறியீடு நெடுநேரம் நின்றாலும் டிஸ்க் விளக்குகள் மினுங்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். அதுவும் இன்னொரு முறையற்ற அணைப்புதான். பாதி முடிந்த மீட்பு வேலை திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும், சில நேரம் முன்பைவிட மோசமாக.

இந்தக் கணினியில் நினைவகமும் டிஸ்க்கும் ஒரே சேமிப்பிடமாக நடத்தப்படுகின்றன. முறையாக அணைத்தால் மாறிய பக்கங்கள் எல்லாம் டிஸ்க்குக்குப் போய்ச்சேரும். திடீரென்று நின்றால் எது எழுதப்பட்டது, எது பாதியில் நின்றது என்று அடுத்த ஐபிஎல் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கிறது. கியூ-அப்நார்ம்-ஸ்விட்ச் என்ற சிஸ்டம் வேல்யூவை (கணினியின் அமைப்பு மதிப்பை) பாருங்கள். 1 என்றிருந்தால் முந்தைய அணைப்பு முறையற்றது. ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்பதை ஐபிஎல்லை நடத்தும் எஸ்சிபிஎஃப் என்ற ஜாப்பின் லாகில் படிக்கலாம்.

நேரத்தை அதிகம் விழுங்குவது ஆக்சஸ் பாத், அதாவது ஃபைலின் இன்டெக்ஸ், மறுகட்டமைப்பு. திறந்திருந்த பெரிய ஃபைலின் இன்டெக்ஸ் கெட்டுப்போனால் எல்லா ரெக்கார்டுகளையும் படித்துத்தான் அதைத் திரும்பக் கட்ட முடியும். இன்டெக்ஸ் கொண்ட லாஜிக்கல் ஃபைல்களின் ரெக்கவர் விவரத்தை டிஸ்ப்ளே ஃபைல் டிஸ்கிரிப்ஷன் கட்டளையில் பாருங்கள். ஐபிஎல் என்றிருந்தால் அது முடியும்வரை யாரும் உள்ளே நுழைய முடியாது. ஆஃப்டர் ஐபிஎல் என்று மாற்றினால் கணினி எழுந்தபிறகு பின்னணியில் நடக்கும். மாற்ற நேரம் கிடைக்கவில்லையா? மேனுவல் மோடில் ஐபிஎல் கொடுங்கள். எடிட் ரீபில்ட் திரை வரும், அதில் வரம்பு எண் 50 என்றிருக்கும், அதற்குள் இருப்பவை ஐபிஎல்லின்போதே கட்டப்படும். 25 என்று காட்டும் பாத்களில் அவசரமில்லாதவற்றை 75 ஆக்கினால் அவை பின்னுக்குப் போகும். அன்றைக்குத் தேவைப்படாத பழைய வருடக் கணக்கைப் பிடித்து நிறுத்தியும் வைக்கலாம். ஆளில்லா ஐபிஎல்லில் இந்தத் திரை வராது. எடிட் ரெக்கவரி ஃபார் ஆக்சஸ் பாத்ஸ் கட்டளையில் மீட்பு நேர இலக்கைக் குறைத்தால், அதற்கேற்ப எந்த இன்டெக்ஸ்களை ஜர்னல் செய்வது (மாற்றங்களை உடனுக்குடன் பதிந்து வைப்பது) என்று கணினியே தீர்மானிக்கும். தினசரி வேலையில் கொஞ்சம் சுமை கூடும். இங்குள்ள மின்வெட்டுக்கு அது தகும்.

இத்தனைக்கும் வேர் பல இடங்களில் யூபிஎஸ்தான். பேட்டரி இருபது நிமிடம் தாங்கும், ஆனால் கரண்ட் போன செய்தியைச் சர்வருக்குச் சொல்லும் சிக்னல் கேபிள் மாட்டியிருக்காது. கரண்ட் போனது, பேட்டரி குறைந்தது முதலான நாலு சிக்னல்களைச் சர்வரின் யூபிஎஸ் போர்ட் வாங்கும். கேபிள் இருந்தால் சிபிஎஃப்1816 செய்தி யூபிஎஸ் மெசேஜ் கியூவில் வந்துவிழும். கரண்ட் போனபின் அணைக்கும் முன் காத்திருக்கும் தாமத நேரத்தை நோமேக்ஸ் (வரம்பில்லை) என்று வைத்தால், அந்தச் செய்தியைக் கவனித்துப் பவர் டவுன் கட்டளை கொடுக்க ஒரு ப்ரோகிராம் கட்டாயம் ஓட வேண்டும். ப்ரோகிராம் இல்லாமல் நோமேக்ஸ் வைத்தால் பேட்டரி தீரும்வரை சர்வர் சும்மா ஓடி, கடைசியில் விழும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது மாவட்டத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நாளில் எந்த யூபிஎஸ்சும் தாங்காது, முறையாக அணைக்க மட்டுமே அது உதவும்.

அணைக்கும்போதும் அவகாசம் வேண்டும். பவர் டவுன் கட்டளையில் இம்மீடியட் என்று கொடுத்தால் பவர் டவுன் லிமிட் என்ற சிஸ்டம் வேல்யூ வரைதான் காத்திருக்கும், அது வழக்கமாக 900 விநாடி. அதற்குள் முடியாத ஜாப் இருந்தால் அதுவும் முறையற்ற அணைப்பாகிவிடும். கமிட் ஆகாத பெரிய பேட்ச் ஜாப்பை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

முறையாக அணைத்தும் தாமதமானால் ஐபிஎல் ஆட்ரிபியூட்களைப் பாருங்கள். ஜாப்களின் பட்டியலான ஜாப் டேபிளைச் சுருக்குவதை எல்லா ஐபிஎல்லுக்கும் என்று யாரோ மாற்றியிருக்கலாம், அடுத்த ஒரு முறைக்கு மட்டும் என்று வைத்தாலே போதும். பிரின்ட் ஆகாமல் கிடக்கும் ஸ்பூல் ஃபைல்களால் முடிந்த ஜாப்களும் டேபிளில் தங்கும், அவற்றைத் துடையுங்கள். பிடிஎஃப் (ஐபிஎம் தரும் மென்பொருள் திருத்தம்) ஏற்றிய நாளில் நேரம் கூடுவது இயல்பு. ஸ்டார்ட்டப் ப்ரோகிராமில் காத்திருக்கச் சொல்லும் பழைய டிலே ஜாப் வரி இருந்தால் நீக்குங்கள்.

டிஸ்க்குகளைக் கட்டுப்படுத்தும் ரெய்டு கார்டின் கேஷ் பேட்டரியும் தாமதத்துக்குக் காரணமாகலாம். பேட்டரி செயலிழந்தால், எழுதுவதைத் தற்காலிகமாகத் தாங்கும் ரைட் கேஷ் நின்றுவிடும், ஒவ்வொரு எழுத்தும் நேராக டிஸ்க்குக்குப் போகும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர இடங்களில் இரவில் ஏசியை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். சிஸ்டம் சர்வீஸ் டூல்ஸின் (எஸ்எஸ்டி) ஹார்டுவேர் சர்வீஸ் மேனேஜரில் கேஷ் பேட்டரி உள்ள சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. எச்சரிக்கை வர இன்னும் எத்தனை நாள், பழுதாக எத்தனை நாள் என்று அங்கே தெரியும். எச்சரிக்கைக்கான நாள் பூச்சியத்தைத் தொடும் முன்பே மாற்று பேட்டரியை வரவழைத்துக்கொள்ளுங்கள்.