மூலநிரல் திறந்திருந்தால் கதவும் திறந்திருக்குமா?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், சுங்கை சிப்புட்டில் பலகாரம் செய்து விற்கும் ஓர் அக்கா என் கடைக்கு வந்தார். "தம்பி, கடைப் பேரைத் தேடினால் ஜப்பான் எழுத்து வருதாம், நான் திறந்தால் நல்லாத்தானே இருக்கு?" என்றார். கூகுளில் தேடிப் பார்த்தேன். அவருடைய இணையதளத்தின் பெயரில், முறுக்கும் அதிரசமும் இருக்க வேண்டிய இடத்தில், மலிவுக் கைப்பை விற்கும் ஜப்பானியத் தலைப்புகள் பக்கம் பக்கமாக வந்தன. நேராக முகவரியைத் தட்டி வருபவருக்குப் பழைய பக்கத்தையும், தேடுபொறி வழியாக வருபவருக்குத் திருட்டுப் பக்கத்தையும் காட்டுவது இந்தத் திருடர்களின் வழக்கம். அதனால்தான் உரிமையாளரின் கண்ணில் அது கடைசியாகப் படுகிறது. இவ்வாண்டு என்னிடம் வந்த இத்தகைய தளங்களில் இது ஐந்தாவது.

ஐவரும், இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைக் காட்டி, ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: "இலவச மென்பொருள், யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், அதனால் புகுந்துவிட்டான்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. தோட்டத்து லயங்களில் வளர்ந்த நமக்கு இது விளங்காமல் போகலாமா? லயத்து வீடுகளெல்லாம் ஒரே வரைபடத்தில் கட்டியவை. அடுப்படிக் கதவு எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். அதற்காக யாராவது உங்கள் பூட்டைத் திறந்துவிட முடிந்ததா? வரைபடம் பொது, சாவி உங்களுடையது. 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸின் மூலநிரலை, அதாவது அதை இயக்கும் கட்டளைகளை, ஜிபிஎல் என்னும் திறந்த உரிமத்தின்கீழ் எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் உங்கள் தரவுத்தளத்தின் கடவுச்சொல் அந்தப் பொது நிரலில் இல்லை, உங்கள் சர்வரில் (தளம் குடியிருக்கும் கணினியில்) உள்ள தனிக் கோப்பில் இருக்கிறது. பலர் படிப்பதால்தான் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்படுகின்றன.

அடைத்த செய்தியைத் திருடனும் படிக்கிறான் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். 2017 ஜனவரி 26 அன்று வந்த வேர்ட்பிரஸ் 4.7.2 பதிப்பு ஒரு பெரிய ஓட்டையை அடைத்தது. சில நாளில் அதன் விவரம் வெளியானதும், புதுப்பிக்காமல் கிடந்த தளங்களில் பல லட்சம் பக்கங்கள் சிதைக்கப்பட்டன. 2014 அக்டோபரில் வந்த ஒரு திருத்தத்தை 7 மணி நேரத்துக்குள் போடாதவர்கள் தங்கள் தளம் பறிபோனதாகவே கருத வேண்டும் என்று, வேர்ட்பிரஸைப் போன்ற இன்னொரு திறந்த மென்பொருளான ட்ரூப்பலின் பாதுகாப்புக் குழு அறிவித்தது. நம் ஊரிலோ 'லீவு நாளில் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறோம்.

அக்காவின் தளத்தில் நடந்தது இன்னும் கேவலம். தளத்தை அமைத்துக் கொடுத்தவர், காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பு) ஒன்றை எங்கோ ஓசியில் இறக்கிப் போட்டிருந்தார்; புதுப்பித்தால் அது கெட்டுவிடும் என்று தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்தி வைத்திருந்தார். (ஜிபிஎல் நிரலை மறுபகிர்வு செய்வது சட்டப்படி சரியே என்று இவர்கள் வாதாடுவார்கள், உரிமம் சுத்தமாக இருப்பதால் கோப்பு சுத்தமாகிவிடாது.) படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோட்ஸ் அடைவில், அதிரசப் படத்துக்கும் லட்டுப் படத்துக்கும் நடுவே ஒரு பிஎச்பி கோப்பு, அதாவது சர்வரில் கட்டளைகளை ஓட்டக்கூடிய நிரல் கோப்பு, உட்கார்ந்திருந்தது. கடவுச்சொல்லை நூறு முறை மாற்றினாலும் அந்தக் கோப்பு இருக்கும்வரை பின்வாசல் திறந்தே கிடக்கும்.

ஆகவே, தீம்களையும் பிளக்கின்களையும் (தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்களையும்) அதிகாரப்பூர்வத் தொகுப்பிலிருந்தோ தயாரித்தவரிடமிருந்தோ மட்டுமே எடுங்கள். 2020-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பு முதல் பிளக்கின்களும் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைத் திறந்து விடுங்கள். பயன்படாத பிளக்கினை முடக்கி வைத்தால் போதாது, அழித்துவிடுங்கள். முடக்கிய கோப்பும் சர்வரில்தான் கிடக்கிறது. கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். காப்புநகலில் கோப்புகள், தரவுத்தளம் இரண்டும் இருக்க வேண்டும். அதை அதே சர்வரில் வைப்பது, வீட்டுச் சாவியின் மாற்றுச் சாவியை அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதாகும்.

இன்னொன்று, தயவுசெய்து: டொமைன் (உங்கள் தளத்தின் இணைய முகவரி) யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றிரவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அக்காவின் தளத்தை இரண்டு நாளில் சுத்தம் செய்துவிட்டேன். டொமைனோ அவருடைய அண்ணன் மகனின் பழைய கல்லூரி மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. அந்த மின்னஞ்சல் இப்போது இயங்கவில்லை. புதுப்பிக்க வேண்டிய தேதி தீபாவளிக்கு முந்தைய வாரம். ஜொகூரில் வேலை செய்யும் அந்தத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் மூன்று முறை எழுதிவிட்டேன். நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.